நடுத்தரம் என்று தெரிந்த பிறகும் எழுதலாமா?

கேள்வி: தாப்பா வாசகி, மலேசியா
பிப்ரவரி 7, சனி

வயது 34. தோட்டத்துப் பள்ளியில் படித்தவள். இப்போது ஒரு மருந்தகத்தில் கணக்கு எழுதுகிறேன். பதின்மூன்று வயதிலிருந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மோசமாக எழுதினால் விட்டுத் தொலைத்திருப்பேன். நன்றாக எழுதினால் துணிந்து இறங்கியிருப்பேன். இரண்டும் இல்லை. படிக்கலாம், மறந்துவிடலாம், அவ்வளவுதான் என் எழுத்து. இது தெரிந்தும் இரவு பத்து மணிக்கு மேசையில் உட்காருகிறேன். பகலில் நான் வாழ்வது வேறு யாருடைய வாழ்க்கையோ போல் இருக்கிறது. எழுத்தும் அதைச் சுற்றிய நாட்களுமாக ஒரு வாழ்க்கை அமையாதா என்று ஏங்கியே எத்தனை வருடம் போகும்? ஆறுதல் வேண்டாம். உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்
பிப்ரவரி 8, ஞாயிறு இரவு

ஆறுதல் வேண்டாம் என்கிறீர்கள். எனக்கு அந்தச் சொல்லோடு பழைய கணக்கு இருக்கிறது.

வயது 47. சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பத்தொன்பது வயதில் முதல் கதையைப் போட்டிக்கு அனுப்பினேன். இதுவரை ஐந்து முறை ஆறுதல் பரிசு. முதல் மூன்று பரிசுகளையும் நிறுத்தி நிதானமாக அறிவிப்பார்கள். அதன் பிறகு பத்துப் பெயர்களை ஒரே மூச்சில் வாசிப்பார்கள். அந்தப் பத்தில் ஒருவன் நான். கையில் தரும் உறைக்குள் 50 வெள்ளிப் பணம். முதல் முறை தரையில் கால் பாவவில்லை. மூன்றாம் முறை வீடு வந்து சேரும்வரை உறையைப் பிரிக்கவே இல்லை.

"இரண்டும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் புரிகிறது. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் இன்று பலரும் அறிந்த எழுத்தாளன். அவனுடைய கதை ஒன்றை ஈப்போ பஸ்ஸில் படித்தேன். இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிட்டது, நல்ல கதை. வயிறு எரிந்தது. ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, இனிப் பேனாவைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அன்று இரவே தொட்டேன்.

நிஜமாகவே விட்ட காலமும் உண்டு. 2011 தொடங்கி 2015 வரை ஒரு வரிகூட எழுதவில்லை. ஏக்கம் தணிந்துவிடும் என்று நம்பினேன். தணியவில்லை, இடம்தான் மாறியது. மனைவியிடம் எரிந்து விழுந்தேன். மகள் பள்ளியில் எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து காட்டியபோது பிழைகளை மட்டும் சுட்டிக்காட்டினேன். அன்று அவள் முகம் வாடியது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே எனக்குத் தெரிந்த உண்மை இதுதான், சகோதரி. எழுதுவதை நிறுத்தினால் ஏக்கம் போய்விடும் என்று எண்ணாதீர்கள். மற்றதெல்லாம் எனக்கும் விளங்காதவை.

பிப்ரவரி 9, திங்கள்

ஒரு திருத்தம். பழைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆறுதல் பரிசு ஐந்து இல்லை, ஆறு. 2004-இல் வாங்கியதை அடியோடு மறந்திருக்கிறேன். அந்தக் கதையையும் உட்கார்ந்து படித்தேன். வேறு யாரோ எழுதியது போல் இருந்தது. முடிவுக்கு வந்ததும் என்னுடையதுதான் என்று தெரிந்துகொண்டேன். ஒருவர் அழுகிறார், கதை முடிகிறது. பெட்டியில் இருந்த மற்றவற்றையும் புரட்டினேன். ஏறக்குறைய எல்லாமே அழுகையில்தான் முடிகின்றன. இதைப் பற்றி எழுத வேண்டும். இன்று நேரமில்லை.

பிப்ரவரி 11, புதன்

என்ன வேலை செய்கிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நகருக்கு வெளியே ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் குலைகளைத் தரம் பார்க்கிறேன். லோரி வரும், எடை போடுவார்கள், மேடையில் கொட்டுவார்கள். கையில் கம்பியோடு குலைகளுக்கு நடுவே நடந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவேன். ஒரு குலையில் ஆயிரத்துக்கு மேல் பழம் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அதில் குறைந்தது 10 பழமாவது தானாக உதிர்ந்து, உதிர்ந்த குழி புதிதாகத் தெரிய வேண்டும். அப்படியானால் பழுத்த குலை. பத்துக்குக் குறைந்தால் அரைப்பழம். எதுவும் உதிராமல் கறுத்து இறுகியிருந்தால் காய். நல்ல பழமாக 100 கிலோ வந்தால் சுமார் 20 கிலோ எண்ணெய் இறங்கும். காயாக வந்தால் ஆலைக்கு நட்டம், அனுப்பிய தோட்டத்துக்குப் பிடித்தம், எனக்கு வாக்குவாதம்.

பதினெட்டு வருடமாக இதே வேலை. இரவு மேசையில் உட்கார்ந்தாலும் கண் தன் பாட்டுக்கு அதையே செய்கிறது. எழுதிய பத்தியைப் புரட்டுகிறேன், அரைப்பழம். அடுத்ததைப் புரட்டுகிறேன், அதுவும் அரைப்பழம். என்னைத் தவிர வேறு யாரும் என் எழுத்தில் இத்தனை குழி எண்ணியிருக்க மாட்டார்கள்.

இன்று மதியம் படிவத்தை நிரப்பும்போது ஒன்று உறைத்தது. அதில் லோரி எண்ணுக்குக் கட்டம் உண்டு, எடைக்கு உண்டு, காய், அரைப்பழம், அழுகல் எல்லாவற்றுக்கும் உண்டு. மரத்துக்குக் கட்டம் கிடையாது. இந்தச் சுற்றில் அரைப்பழம் தந்த அதே மரத்தில் அடுத்த சுற்றில், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, நல்ல பழம் இறங்கும். அரைப்பழம் வந்தால் வெட்டியவர் அவசரப்பட்டார் என்று பொருள். மரத்தை யாரும் குறை சொல்வதில்லை. நானோ கதைக்குப் போட வேண்டிய தரத்தை இருபது வருடத்துக்கும் மேலாக எனக்கே போட்டுக்கொண்டிருந்தேன். மேடையில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். லோரிக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

தெலுக் இந்தானிலிருந்து ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். முப்பது வருடம் மண்டோராக, தோட்டத்தில் வேலையை மேற்பார்ப்பவராக, இருந்தவராம். "தம்பி, மரத்துக்கும் தரம் பார்ப்போம். நாற்றங்காலிலேயே தேறாத கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிடுவோம். நட்டு 25 வருடம் ஆகிவிட்டால் அரிவாள் எட்டாத உயரத்துக்குப் போய்விடும், மகசூலும் இறங்கும். சாய்த்துவிட்டு மறுநடவு செய்வோம். உங்கள் மேடைக்கு வருவதெல்லாம் தப்பித்த மரத்தின் குலைகள்."

அவர் சொல்வது சரி. எனக்கும் தெரிந்ததுதான். நேற்று எனக்குத் தேவைப்பட்ட பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மகிழ்ந்திருக்கிறேன். எழுதியதை அழிக்கப்போவதில்லை, ஆனால் யாரும் அதை முழுதாக நம்பிவிட வேண்டாம்.

நாற்றங்கால் என்ற சொல் இன்று முழுக்க என்னை விடவில்லை. என் அக்கா மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டு அம்மாவுக்கு ஒத்தாசையாக நிரைக்கு, ரப்பர்ப் பால் வெட்டும் மர வரிசைக்கு, போனார். நான் படித்தேன். தேறும், தேறாது என்று அன்று யாரும் அவரைச் சோதித்துப் பார்க்கவில்லை. கதை சொல்ல ஆரம்பித்தால் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவர் காலடியில்தான் கிடப்போம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

2004 கதையைத் திரும்பப் படித்தேன். இப்போது சினமாக இருக்கிறது.

கதை ரப்பர்த் தோட்டத்தில் நடக்கிறது. அதில் "மரப்பால் சேகரிக்கும் கிண்ணம்" என்று எழுதியிருக்கிறேன். மங்கு என்றுதான் பிறந்ததிலிருந்து சொல்லிவருகிறோம். கிண்ணம் எங்கிருந்து வந்தது? பெரட்டு என்று எழுதாமல் "காலை வருகைப் பதிவு" என்று எழுதியிருக்கிறேன். லயம் "தொழிலாளர் குடியிருப்பு" ஆகியிருக்கிறது. அம்மா தோளில் சுமந்த காண்டா "மூங்கில் தடி" ஆகிவிட்டது. இருபக்கமும் வாளி தொங்கும் அந்தத் தடி அழுத்தி அழுத்தி அவருடைய வலது தோள் இன்றும் சற்று இறங்கியே இருக்கிறது.

யாருக்காக இப்படி மாற்றினேன்? கடல் தாண்டி எங்கோ ஒரு பெரிய வாசகர் இருக்கிறார், அவருக்கு மங்கு தெரியாது என்று நினைத்திருக்கிறேன். கடைசியில் அவரும் படிக்கவில்லை, மங்கு தெரிந்தவர்களும் கதையில் தங்களைக் காணவில்லை.

இத்தனைக்கும் நமக்குப் பயிற்சி இல்லாமல் போகவில்லை. 1950-இல் தமிழ் நேசன் "கதை வகுப்பு" நடத்தியது. கதை எப்படி எழுதுவது என்பதைப் பத்திரிகை வழியாகவே பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நினைக்கும்போதே நெஞ்சு விம்முகிறது. தினமும் வேலைக்குப் போய் வருகிறவன் ஒரு நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு கதை எழுதப் படிக்கலாம் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள். எங்கள் லயத்தில் ஞாயிறு மலர் ஐந்து வீடு சுற்றி வரும். கடைசியாக வாங்குகிறவர் கையில் மடிப்பெல்லாம் கிழிந்திருக்கும். 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019 ஜனவரியோடு நின்றது. கடைசி இதழை வாங்கி வைத்திருக்கிறேன். அதே பெட்டியில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: "மங்கு என்றால் எங்கள் ஊரில் முகத்தில் படரும் கருமை. மரத்தில் எப்படித் தொங்கும் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்." வாய்விட்டுச் சிரித்தேன், ஐயா. ஆனால் இரண்டு நாள் யோசித்தீர்களே, அதற்கு நன்றி. கிண்ணம் என்று எழுதியிருந்தால் இரண்டு நொடி நின்றிருப்பீர்களா?

பிப்ரவரி 22, ஞாயிறு

வாரம் முழுக்கச் சொற்களைத் திருத்தினேன். கிண்ணத்தை மங்காக்கினேன், தடியைக் காண்டாவாக்கினேன், குடியிருப்பை லயமாக்கினேன். அச்செடுத்துப் படித்தேன். கதை தேறவில்லை. அதே நடுத்தரம்தான், இப்போது மங்கோடு. தாப்பா சகோதரிக்கு இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை நான் எழுதியதைப் படித்துவிட்டு "நாளையிலிருந்து என் தோட்டத்துச் சொற்களை எழுதப்போகிறேன்" என்று மகிழ்ச்சியாகச் சொல்லியிருந்தீர்கள். எழுதுங்கள். அது போதாது என்பதையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

கோளாறு முடிவில் இருக்கிறது. 1990-இல் எங்கள் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். அம்மாவின் நிரையில் ஏறக்குறைய 500 மரம். கடைசியாகப் பால் வெட்டிய நாளில் அம்மா மரத்தைக் கட்டிக்கொண்டு அழுவதாகக் கதையை முடித்திருக்கிறேன்.

அம்மா அழவில்லை.

அன்று நடந்தது வேறு. பால் எடுத்து முடித்ததும் அம்மா நிரையின் முதல் மரத்துக்குத் திரும்பிப் போனார். மங்கைக் கம்பி வளையத்திலிருந்து எடுத்து, விளிம்பில் ஒட்டியிருந்த பாலை விரலால் உரித்து, கவிழ்த்து வைத்தார். அடுத்த மரம், அதற்கடுத்த மரம். வெட்டு நிற்கும் நாட்களில் மங்கைக் கவிழ்ப்பது வழக்கம்தான். ஆனால் இனி வெட்டே கிடையாது. இயந்திரம் வந்து எல்லாவற்றையும் சாய்க்கப்போகிறது. மண்டோர் சைக்கிளை நிறுத்தி, "எதற்கு அம்மா வீண் வேலை?" என்று கேட்டார். "மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், கொசு முட்டை போடும். லயத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றார் அம்மா. கைவேலையை நிறுத்தாமலே சொன்னார்.

இது கண் முன்னே இருக்க, நான் ஏன் அழவைத்தேன்? கொசு என்று எழுதினால் இலக்கியம் ஆகாது என்று பயந்திருக்கிறேன். திறமைக் குறைவு என்று இத்தனை வருடம் நான் எண்ணியதில் ஒரு பங்கு இந்தப் பயம்தான். எல்லாமே பயம் என்று சொல்ல மாட்டேன். என் பெஞ்சுத் தோழனிடம் இருப்பது என்னிடம் இல்லை, அது நிஜம். ஆனால் இந்த ஒரு பங்கை என்னால் எடுத்துப்போட முடியும்.

நேற்று இரவு அந்த இடத்தை மட்டும் திரும்ப எழுதினேன். ஒன்றரைப் பக்கம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

தாப்பா சகோதரி கேட்கிறார்: "அந்த ஒன்றரைப் பக்கம் பழுத்த குலையா?"

கம்பியால் இன்னும் புரட்டவில்லை. முதன்முறையாக, புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

எழுத்தைச் சுற்றிய வாழ்க்கை என்று முதல் கேள்வியில் கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. என் மனத்தில் அதற்கு ஓர் உருவம் உண்டு. கோலாலம்பூரில் மாடி அறை, சன்னல், சுவர் முழுக்கப் புத்தகம், மாலையில் பேச நாலு நண்பர்கள். இங்கே எனக்கு இருப்பது சமையலறை மேசை. மாவு பிசைந்த ஈரம் காய்ந்த பிறகு, பத்தரை முதல் பன்னிரண்டு வரை. மறுநாள் காலை வேலை என்றால் பதினொன்றரை. அந்த மாடி அறை ஆசை இன்னும் போகவில்லை, அதை மறைக்க மாட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

நேற்று அம்மாவையும் மகளையும் கோலகங்சாருக்குக் கூட்டிப்போனேன். மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தக் கிழட்டு ரப்பர் மரத்தை மகள் பள்ளி வேலைக்காகப் படம் எடுக்க வேண்டியிருந்தது. 1877-இல் ஒன்பது கன்று வந்ததாம், அதில் இன்று மிஞ்சியது இது ஒன்று. அம்மா அண்ணாந்தெல்லாம் பார்க்கவில்லை. பட்டையைத்தான் பார்த்தார். "உளி இறங்காது, கட்டையாகிவிட்டது" என்றார், நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தவர் போல.

அங்கேயே நிழலில் உட்கார்ந்து மகளுக்கு மங்கு கவிழ்த்த கதையைச் சொன்னேன். நான் எழுதிய அதே வரிசையில், மண்டோரின் சைக்கிள், கொசு, எல்லாம். அம்மா பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் சொன்னார்: "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? நீ அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தாய். என்கூட வந்தது உன் அக்கா."

நான் அங்கே இருந்தேன் என்று சத்தியம் செய்திருப்பேன். மண்டோரின் சைக்கிள் மணி காதில் கேட்கிறது. பால் உரிக்கும் விரல் தெரிகிறது. வருகிற வழியெல்லாம் காரில் பேசவில்லை. பதினோரு வயது, ஐந்தாம் ஆண்டு, வார நாள். அம்மா சொல்வதுதான் சரியாக இருக்க வேண்டும்.

அப்படியானால் அந்த இரவு லயத்து வாசலில் அக்கா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன விதத்தில் அதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். முப்பத்தாறு வருடம் அது என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியவற்றிலேயே நல்ல ஒன்றரைப் பக்கம் என்று நினைத்தது அக்கா வாயால் சொன்னது.

பிப்ரவரி 22-ஆம் தேதிக் குறிப்பில் "கண் முன்னே இருக்க" என்று எழுதியிருக்கிறேன். அது பிழை. திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 5, வியாழன்

அக்காவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். கிள்ளானில் பேரப்பிள்ளையோடு இருக்கிறார். முதலில் "அதையெல்லாம் எதற்கடா இப்போது கேட்கிறாய்?" என்றார். பிறகு அரை மணி நேரம் பேசினார். நான் இடையில் ஒரு சொல்கூடப் போடவில்லை.

கவிழ்த்தது அம்மா மட்டும் இல்லையாம். அம்மா ஒரு வரிசை, அக்கா அடுத்த வரிசை. சில மங்குகளில் பழைய மழைத் தண்ணீர் கிடந்திருக்கிறது. அக்கா ஒன்றைச் சாய்த்தபோது தண்ணீரோடு சேர்ந்து குட்டித் தவளை ஒன்று பாதத்தில் விழுந்து, அக்கா அலற, அம்மா சிரித்தாராம். அன்று முழுக்க அம்மா சிரித்தது அந்த ஒரு முறைதான் என்றார் அக்கா. மண்டோர் வந்தது நிஜம். ஆனால் சைக்கிள் இல்லையாம், நடந்து வந்தாராம். சைக்கிள் மணி எங்கிருந்து என் காதுக்கு வந்தது என்று தெரியவில்லை.

"நீ இதை எழுதேன் அக்கா" என்றேன். "எனக்கு எழுத வராது. நீ எழுது, நான் சொல்கிறேன்" என்றார். அவர் பெயரையும் போட வேண்டும் என்றேன். போனில் சற்று நேரம் பேச்சே இல்லை. "முழுப் பெயரைப் போடு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறார். கேட்க வேண்டியவற்றை எழுதிவைத்துக்கொண்டிருக்கிறேன். மங்கு பீங்கானா, பிளாஸ்டிக்கா. முதல் மரத்தில் தொடங்கினார்களா, கடைசியிலிருந்து வந்தார்களா. அன்று வெயிலா, மப்பா. அக்கா காலில் செருப்பு இருந்ததா.